யார் கரைத்த மாவு

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், உளுந்துக் கம்பெனியில் இருக்கிறேன் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் சொன்னால் நம்புவதில்லை. முகப்பேரில் எங்கள் பிளாக்கில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள். மாதச் சம்பளத்துக்கு ஒருத்தி இட்லி ஊற்றித் தின்று பார்க்கிறாள் என்பதை அவர்களுக்கு எப்படி விளக்குவது? ஒருமுறை மாடிப்படியில் மேல்வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். "இன்னும் ஆள் எடுக்கறாங்களா?" என்று கேட்டார். அவர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார்.

பாடி மேம்பாலத்திலிருந்து இறங்கி, பழைய தொழிற்சாலைச் சுவரை ஒட்டி உள்ளே போனால் எங்கள் மில். பர்மாவிலிருந்து கப்பலில் வரும் கருப்பு உளுந்து துறைமுகத்தில் இறங்கி, கண்டெய்னர் லாரியில் இங்கே வந்து சேரும். தோல் நீக்கி, வெள்ளை முழு உளுந்தாக்கி, மூட்டை கட்டி ஓட்டல்களுக்கும், மாவு அரைத்து பாக்கெட் போடுகிறவர்களுக்கும் அனுப்புவோம். அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை காலையில் எந்த அடுப்பில் இட்லி வெந்தாலும் அதில் எங்கள் உளுந்து இருக்க நிறைய வாய்ப்புண்டு. கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

நான் சேர்ந்தது பில் போடுவதற்கு. சேர்ந்த வருடமே ஒரு லோடு வந்தது. பார்க்க அவ்வளவு அழகு. பருமனான உளுந்து, தோல் நீக்கியதும் பளீரென்று வெள்ளை. ஆனால் வாங்கிய ஓட்டல்காரர்கள் எல்லோரும் இட்லி கல்லாக வருகிறது என்று மூட்டையைத் திருப்பி அனுப்பினார்கள். முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "கண்ணால பார்த்து வாங்கினா இப்படித்தான் ஆகும். அரைச்சுப் பார்த்துல்ல வாங்கணும்" என்றேன். "அப்ப நீயே அரைச்சுப் பாருக்கா" என்றார். இப்படித்தான் எனக்கு இந்த உத்தியோகம் வந்தது.

முதலாளி என்னைவிட வயதில் சின்னவர். பூந்தமல்லிப் பக்கம் காலங்காலமாக விவசாயம் பார்த்த குடும்பம். நிலம் மனைகளானபோது மற்ற பங்காளிகள் வீடு கட்டி வாடகைக்கு விட்டார்கள், இவர் மில் போட்டார். கோபம் வந்தால் டீ குடிக்க மாட்டார். அதைத் தவிர அவரிடம் பெரிய குறை எதுவும் இல்லை.

என் வேலை இதுதான். சாம்பிள் வந்தால் ஒரு டம்ளர் உளுந்துக்கு நாலு டம்ளர் இட்லி அரிசி. மில்லிலேயே ஊறவைத்து மதியம் அரைப்பேன். ஒரு டம்ளர் உளுந்து எவ்வளவு மாவு காணுகிறது என்று பாத்திரத்தில் கோடு போட்டுப் பார்த்துக்கொள்வேன். பிறகு மாவை மூடி போட்ட வாளியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போவேன். வீட்டில் உப்புப் போட்டுக் கரைத்து வைத்து, பொங்கிய மாவோடு மறுநாள் காலையில் மறுபடி பஸ். பிரேக் போட்ட வேகத்தில் வாளி மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு வெளியே வந்து, பக்கத்தில் நின்றவரின் ஆபீஸ் பேண்டில் ஊற்றிய கதையெல்லாம் உண்டு. ஒன்பது மணிக்கு மில்லில் இட்லி வேகும். முதலாளியும் மூட்டை தூக்குகிற அண்ணன்களும் ஆளுக்கு இரண்டு சாப்பிடுவார்கள். நான் நாலு சாப்பிடுவேன். வேலை என்றால் வேலைதானே.

மாவை ஏன் வீட்டுக்குச் சுமக்கிறாய் என்று கேட்டவர்களிடம் மில்லில் எலி ஓடுகிறது என்று சொல்லி வைத்திருந்தேன். எலி ஓடியது உண்மைதான், ஆனால் காரணம் அதுவல்ல. காரணம் என் கை.

இட்லி மாவு கரைக்கிற எந்த வீட்டிலும் இது தெரிந்த சங்கதி. ஒரே மாவை ஒருவர் கரைத்து வைத்தால் பாத்திரம் தாண்டிப் பொங்கும், இன்னொருவர் கரைத்தால் வைத்த இடத்தில் அப்படியே கிடக்கும். கைவாகு என்போம். என் கை இரண்டாவது ரகம். கல்யாணமான முதல் வாரத்திலேயே இது வெளிப்பட்டுவிட்டது. என் கணவர் கை அதற்கு நேர்மாறு. முப்பது வருடம் பாடியில் தொழிற்சாலையில் லேத் ஓட்டிய கை. எப்போதும் சூடாக இருக்கும். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் அரைப்பேன், அவர் கரைப்பார். எல்லார் கையிலும் பாக்டீரியா இருக்கிறது, அதுதான் மாவைப் பொங்கவைக்கிறது என்று சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் மகள் சொன்னாள். என் கையில் இருப்பது சோம்பேறி பாக்டீரியாவாக இருக்கும் என்றேன்.

மில்லில் இது யாருக்கும் தெரியாது. எட்டு வருடமாக வருகிற போகிற புரோக்கர்களிடமெல்லாம் முதலாளி ஒரே வசனத்தைச் சொல்வார். "எங்க அக்கா கை வெச்சா கல்லு கூட பொங்கும்." நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். முதல் தடவையே மறுத்திருக்கலாம். ஆனால் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

எங்களுக்கு உளுந்து அனுப்புகிறவர் ரங்கூனில் இருக்கிறார். அந்த ஊருக்குப் பெயர் மாறி எவ்வளவோ காலமாகியும் அவரே ரங்கூன் என்றுதான் சொல்வார். தாத்தா காலத்தில் போன தமிழ்க் குடும்பம். நான் அவரைப் பார்த்ததில்லை. வாட்ஸ்அப்பில் குரல் மட்டும் வரும். கொஞ்சம் பழைய தமிழ், நடுநடுவே பின்னால் சேவல் சத்தம். "தங்கச்சி, வணக்கம். இங்கே மழை. உளுந்து காய வைக்க இடமில்லை. ஆனா உங்களுக்கு அனுப்புறதை என் படுக்கையிலே வேணா கொட்டிக் காயவைப்பேன், ஈரத்தோட அனுப்ப மாட்டேன்" என்பார். சாம்பிள் அனுப்பும் முன்னால் தானே அரைத்து இட்லி ஊற்றிப் பார்த்துத்தான் அனுப்புவார். அவர் சொல்வதும் என் இட்லி சொல்வதும் எட்டு வருடத்தில் இரண்டு முறைதான் மாறியிருக்கிறது. அந்த இரண்டு முறையும் அவர்தான் சரி.

அவருக்குச் சென்னையில் முன்பு நிறையப் பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராகப் பெரிய கம்பெனிகளிடம் போய்விட, மிச்சம் இரண்டே பேர். ஒன்று நாங்கள். மற்றது எங்களுக்குப் போட்டியாகக் கரையான்சாவடியில் மில் வைத்திருப்பவர். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மாதம் மூன்று கண்டெய்னர் எடுப்போம். அதில்தான் அவர் ஆபீஸ் நடக்கிறது, உளுந்து பொறுக்குகிற பெண்கள் நாலு பேருக்குச் சம்பளம் போகிறது. இதை அவரே ஒருமுறை பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார்.

இன்னொரு அண்ணனையும் சொல்லிவிட வேண்டும். கூடப் பிறந்தவர், திண்டிவனம் பக்கம் இரண்டு ஏக்கரில் அவரும் உளுந்துதான் போடுகிறார். வெளிநாட்டு உளுந்துக்கு வரி இல்லை என்று செய்தி வருகிற அன்றைக்கெல்லாம் எனக்குப் போன் வரும். "உன் பர்மா அண்ணன் எப்படி இருக்கான்?" என்பார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவர் அறுவடை செய்கிற நேரமாகப் பார்த்துக் கப்பல் வந்து நின்றால் அவர் விலைக்கு யார் போவார்கள்? ஆனால் ஒட்டுமொத்தத் தமிழ்நாட்டின் காலை இட்லிக்கு நம் உளுந்து மட்டும் காணாது என்பதும் அவருக்குத் தெரியும். என் வீட்டுக்கு வந்தால் பர்மா உளுந்து இட்லியை எட்டு சாப்பிட்டுவிட்டு, நம்ம ஊர் உளுந்துக்கு இருக்கிற மணம் இதுக்கு இல்லை என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போவார்.

கரையான்சாவடிக்காரரும் எங்கள் முதலாளியும் பள்ளியில் ஒரே பெஞ்ச். இப்போது ஒருவர் வாடிக்கைக்காரரை இன்னொருவர் இழுப்பதுதான் இரண்டு பேருக்கும் பொழுதுபோக்கு. ஆவடியில் ஒரு ஓட்டலை அவர் பிடித்தால், ஒரு வாரத்துக்குள் பூந்தமல்லியில் அவருடைய மாவுக் கடையை இவர் பிடித்துவிடுவார். ஆனால் எங்கள் மில்லில் சாக்கு தீர்ந்தால் அவர் குடோனிலிருந்துதான் வரும். துறைமுகத்தில் லாரி கிடைக்காத நாளில் ஒரே லாரியில் இரண்டு பேர் மூட்டையும் ஏறும். "தொழில் வேற, சாக்கு வேற" என்பார் முதலாளி. அங்கே உளுந்து பார்க்கிறவர் அவருடைய மனைவி. நாங்கள் இருவரும் அதுவரை பார்த்துக்கொண்டதில்லை. ஆனால் "அந்தம்மா சரியில்லன்னு சொல்லிடுச்சாம்" என்று புரோக்கர்கள் இங்கே வந்து சொல்லும்போது எனக்குச் சுருக்கென்று இருக்கும். என்னைப் பற்றி அங்கே சொல்லும்போது அவருக்கும் அப்படித்தான் இருந்ததாம். பிறகு சொன்னார்.

போன ஐப்பசி மழையில்தான் பிரேசில் உளுந்து வந்தது. அந்த நாட்டுக்காரர்கள் உளுந்து சாப்பிடுவதே கிடையாதாம். நமக்கு விற்பதற்காகவே ஏக்கர் ஏக்கராகப் போடுகிறார்களாம். புரோக்கர் கொண்டுவந்த சாம்பிளை முதலாளி உள்ளங்கையில் கொட்டி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒன்றுபோல ஒன்று, ஒரு சொத்தை இல்லை, ஒரு கல் இல்லை. விலையும் குறைவு. ஒரே சிக்கல், குறைந்தது ஐந்து கண்டெய்னர் எடுக்க வேண்டும். எங்களால் தனியாக முடியாது. கரையான்சாவடிக்காரராலும் முடியாது.

மறுநாள் அவர் எங்கள் ஆபீசில் வந்து உட்கார்ந்திருந்தார். "இன்னா மச்சான், சேத்து எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். முதலாளி, "எடுத்தா பர்மா வேணாம். ரெண்டையும் வெச்சிகினு குடோன்ல எங்க அடுக்குறது?" என்றார். "அரைச்சி பாத்துட்டு பேசலாம்" என்று முடிவானது. எங்கே அரைப்பது என்பதில் ஒரு மணி நேரச் சண்டை. இவர் மில்லுக்கு அவர் மனைவி வரமாட்டார், அவர் மில்லுக்கு நான் போகமாட்டேன். கடைசியில் என் வீட்டு சமையலறை பொதுவிடமானது. சனிக்கிழமை அரைப்பது, ஞாயிறு காலையில் இட்லி. திங்கள் மதியம் புரோக்கரிடம் பதில் சொல்ல வேண்டும்.

ரங்கூன் அண்ணனிடம் நான் மறைக்கவில்லை. பிரேசிலோடு உங்கள் உளுந்தையும் வைத்துப் பார்க்கிறோம் என்று சொன்னேன். "பாருங்க தங்கச்சி. நல்லதை எடுங்க. நீங்க பார்த்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று குரல் வந்தது. பின்னால் அன்றைக்கு சேவல் சத்தம்கூட இல்லை. பர்மா ஜெயிக்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். சோதிக்கிறவள் அப்படி நினைக்கக் கூடாதுதான். நினைத்தேன்.

சனிக்கிழமை மதியம் கரையான்சாவடி அம்மா வந்தார். கணவர் ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் தன்னுடைய டேபிள்டாப் கிரைண்டரை மடியில் வைத்துக்கொண்டு, மழைக்கோட்டுக்குள் அதை மூடி, தான் நனைந்தபடி வந்து இறங்கினார். "கல்லு ரெண்டும் ஒரே கம்பெனி. பாத்துக்குங்க. அப்பால பேச்சு வரக்கூடாது" என்றார் உள்ளே நுழையும்போதே. எனக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துப்போனது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டு உளுந்தும் ஒரே நேரத்தில் ஊற வேண்டும், ஒரே நேரத்தில் அரைய வேண்டும். அதனால் ஆளுக்கு ஒன்று. சீட்டுக் குலுக்கியதில் எனக்கு பர்மா, அவருக்குப் பிரேசில். இரண்டு கிரைண்டரும் சமையல் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. அவர் தண்ணீர் தெளிக்கும்போது நான் பார்ப்பேன், நான் தெளிக்கும்போது அவர் பார்ப்பார். அரைத்து வழித்தபோது இரண்டும் ஒரே கோட்டில் நின்றன. "பர்மா ஒண்ணும் சோடை போல, யக்கா" என்றார். எனக்கு உயிர் வந்தது.

அரிசி மாவைச் சேர்த்து, உப்புப் போட்டுக் கரைக்க வேண்டிய நேரம். என் கணவர் வழக்கம்போலக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நான் கரைக்கட்டுமா?" என்றார்.

கரையான்சாவடி அம்மா திரும்பி அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கூடத்தில் முதலாளி அவருடைய நண்பரிடம், எங்க அக்கா கை வெச்சா என்று அதே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"நீங்க போய் பால் வாங்கிட்டு வாங்க" என்றேன்.

"பால் இருக்கே."

"இன்னொரு பாக்கெட் வாங்கிட்டு வாங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். நான் வளையலை மேலே தள்ளிவிட்டுப் பர்மா மாவில் கையை விட்டேன். பக்கத்தில் கரையான்சாவடி அம்மா பிரேசிலில் கையை விட்டுச் சுழற்றிச் சுழற்றிக் கரைத்தார். நானும் பார்த்துப் பார்த்து அதே போலக் கரைத்தேன். இரண்டு பாத்திரத்தையும் மூடி, மூடிக்குக் குறுக்கே நூல் கட்டி, முடிச்சின் மேல் மகள் விட்டுப்போன நகப்பூச்சை ஒரு சொட்டு வைத்து முத்திரை போட்டார் அந்த அம்மா. "உங்கமேல சந்தேகம் இல்ல யக்கா. ஆம்பளைங்க வாய மூடணும்ல" என்றார். அவர்கள் போனபிறகு பாலோடு வந்த கணவர் நூலையும் முடிச்சையும் பார்த்துவிட்டுப் பாலைக் காய்ச்சினார்.

ஞாயிறு காலையில் பிரேசில் நூலை இழுத்துக்கொண்டு மூடியைத் தூக்கி நின்றது. பர்மா கட்டி வைத்த நூலோடு அப்படியே இருந்தது. ஊற்றிய இட்லியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முதலாளி பர்மா இட்லியைப் பிட்டு, கொஞ்சம் தின்று, மிச்சத்தைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினார். எட்டு வருடத்தில் என் இட்லியை அவர் ஒதுக்கியது அன்றுதான்.

"முடிஞ்சிது மச்சான்" என்றார் கரையான்சாவடிக்காரர். "அஞ்சும் எடுத்துருவோம்."

"அக்கா, ரங்கூனுக்கு நீயே சொல்லிடு. நா சொன்னா நல்லா இருக்காது" என்றார் முதலாளி. அவருக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்தது. அன்றைக்கு அவர் டீ குடிக்கவில்லை.

சாயங்காலம் சொன்னேன். பிரேசில் பொங்கியது, பர்மா பொங்கவில்லை, இரண்டு பேரும் மாறுவதாக முடிவு செய்திருக்கிறார்கள் என்று. நாலு தடவை பேசி, நாலு தடவை அழித்து, ஐந்தாவதாக அனுப்பினேன். பிறகு பதில் வந்தது. குரலில் ஒரு கோபமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"சரி தங்கச்சி. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அரைச்சு வழிக்கும்போது ரெண்டும் எவ்வளவு மாவு கண்டுச்சு?"

ஒரே கோடுதான் என்று சொன்னேன்.

"அப்படியா. அப்போ பர்மாவைக் கரைச்சு வெச்சது யாரு?"

போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டேன். கணவர் எதிரில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்கும் காதில் விழுந்திருந்தது.

"நேத்தே தெரியும்ல உங்களுக்கு" என்றேன். "ஏன் சொல்லல?"

"பால் வாங்கிட்டு வரச் சொன்னே. வாங்கிட்டு வந்தேன்" என்றார். பிறகு கீரையை ஒதுக்கிவைத்துவிட்டு, "நாளைக்கு மதியம்தானே புரோக்கர் வர்றாரு? காலையில போய்ச் சொல்லிடு. கையில என்ன இருக்கு, விடு" என்றார்.

அவருக்குச் சுலபம். கல்லையும் பொங்கவைக்கிற கை என்று பெயர் வாங்கிய கையை எல்லோர் முன்னாலும் வேண்டாத கை என்று நானேதான் சொல்ல வேண்டும். யாருக்கும் தெரியாமல் விட்டுவிட்டால் என்ன என்றும் தோன்றியது. தோன்றவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நாலு பெண்கள் முறத்தை வைத்துக்கொண்டு உளுந்து பொறுக்குவது, நான் பார்த்தேயிராத அந்த இடம், கண்ணை மூடினால் வந்து நின்றது.

திங்கள் காலை மில்லில் முதலாளியும் கரையான்சாவடித் தம்பதியும் இருந்தார்கள். உட்காராமலே சொன்னேன். வீட்டில் மாவு கரைப்பது என் கணவர், எட்டு வருடமாகக் கரைத்தது அவர், நான் கரைத்தால் எந்த மாவும் பொங்காது, சனிக்கிழமை வீம்புக்கு நான் கரைத்தேன், அதனால் அந்தச் சோதனை செல்லாது.

"எட்டு வருஷமா மாமா கையா அது?" என்றார் முதலாளி. "ஊரெல்லாம் சொல்லிகினு திரியிறேனே நானு."

"நீங்களா சொன்னீங்க. நான் சொல்லச் சொல்லல" என்றேன். தப்பு என் பேரில் இருந்தாலும் வாய் அடங்குவதில்லை.

கரையான்சாவடி அம்மா சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "நீங்க பால் வாங்க சொன்னப்ப அந்த மனுசன் முழிச்ச முழிய பாத்தப்பவே நெனச்சேன். நா கூட கேக்கல பாரு. நா கரைச்சது மேல வந்தா சரின்னு இருந்துட்டேன்" என்றார். சிரித்து முடித்துவிட்டு, "ரெண்டையும் ஒரே கை கரைக்கணும். நா கரைக்கிறேன். இல்லாங்காட்டி அண்ணன் கரைக்கட்டும்" என்றார். புரோக்கரை இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிப் போன் போனது. முதலாளிக்கு டீ வந்தது, குடிக்கவில்லை. மதியத்துக்கு மேல்தான் வந்து, "மாமா வேற எதுனா வேலைக்கு போறாரா, சும்மாதான் கீறாரா?" என்று கேட்டார்.

இரண்டாவது தடவை கரையான்சாவடியில் அவர்கள் வீட்டில் அரைத்தோம். நான் அரைத்துக் கொடுத்ததோடு சரி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த அம்மா ஒரே கையால் இரண்டையும் கரைத்தார். காலையில் இரண்டும் பொங்கியிருந்தன. பிரேசில் ஒரு விரல்கடை கூடுதல். அதை மறுக்க முடியாது. சூடாகச் சாப்பிட்டபோது இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல யாராலும் முடியவில்லை. ஒரு தட்டு மிச்சம் வைத்து சாயங்காலம் தின்று பார்த்தோம். பர்மா அப்போதும் மெத்தென்று இருந்தது. பிரேசில் விறைத்துப் போயிருந்தது. "டிபன் பாக்ஸ் கட்றவங்களுக்கு பிரேசில் ஆவாது" என்றார் கரையான்சாவடிக்காரர். "ஓட்டலுக்கு ஆவும். சுடச்சுட எறங்குது, துன்னுட்டு போறான்" என்றார் முதலாளி. பிறகு இரண்டு பேரும் யாருக்கு எந்த ஓட்டல் என்று சண்டை போட ஆரம்பித்ததால் நானும் அந்த அம்மாவும் வெளியே வந்து உட்கார்ந்து காப்பி குடித்தோம்.

ஐந்து பிரேசிலும் சேர்ந்து எடுப்பது, பர்மாவை நிறுத்துவதில்லை என்று முடிவானது. ஆனால் மாதம் மூன்றாக இருந்தது இரண்டாகக் குறைந்தது. பிரேசிலுக்குக் குடோனில் இடம் வேண்டுமே. சாக்கு அடுக்க இடமில்லாமல் எங்கள் மிச்சம் கரையான்சாவடியில் இருக்கிறது, அவர்கள் மிச்சம் எங்கள் வராந்தாவில் இருக்கிறது. ஆவடி ஓட்டல் மட்டும் இன்னும் மாதத்துக்கு ஒரு முறை கைமாறிக்கொண்டிருக்கிறது.

ரங்கூன் அண்ணனுக்கு இந்த முறை ஒரே தடவையில் பேசி அனுப்பிவிட்டேன். என் கை, என் வீம்பு, கணவர், பால் பாக்கெட், எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று இரண்டானதையும் சொன்னேன். பதில் மறுநாள் நான் பஸ்ஸில் இருக்கும்போது வந்தது. பாடி மேம்பாலத்தில் வண்டி நகராமல் நின்றிருந்தது. மடியில் வாளி. போனைக் காதில் ஒட்டிவைத்துக் கேட்டேன். சேவல் கூவிக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, மூணு ரெண்டானது கஷ்டம்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா இல்லாமலே போயிருக்கும். நீங்க எழுந்து நின்னு சொன்னீங்க பாருங்க, அது போதும். இப்போ நானும் ஒண்ணு சொல்றேன், முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க. என் கைக்கும் மாவு பொங்காது. என் சம்சாரம் இருந்த வரைக்கும் அவ கரைச்சா. இப்போ பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மாதான் சாம்பிளுக்கெல்லாம் வந்து கரைச்சுத் தர்றாங்க. ஆறு வருஷமாச்சு. அவங்களுக்கு இட்லியே பிடிக்காது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவருடைய மனைவி போய்விட்ட விஷயமே அன்றைக்குத்தான் தெரியும் எனக்கு. அத்தனை நாள் மழையைப் பற்றியும் ஈரத்தைப் பற்றியும் பேசியிருக்கிறோம்.

வீட்டுக்கு வந்து கணவருக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு தடவை கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு வாளியைத் திறந்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு மாவில் விட்டார். உப்பை நான் போட்டேன். கரைத்துக்கொண்டே சொன்னார்:

"அந்த பர்மாக்கார அம்மாவுக்கு என்னதான் பிடிக்கும்னு கேளு. நம்ம பங்குக்கு நாம ஏதாவது அனுப்ப வேண்டாமா?"